ஐடிக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் வருடம் வேண்டும்

"டாக்டர், நான் ஐடி கம்பெனியில ஒரு நாள் கூட வேலை பார்த்தது இல்ல. வீட்டுலயே உக்காந்து படிச்சு ஒரு சர்டிபிகேட் எடுத்துட்டா வேலை கிடைக்குமா?"

சமீப காலமாக ஓபியில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

வந்தது வேறு பிரச்சனைக்காக இருக்கும். நெஞ்செரிச்சல், தலைவலி, தூக்கம் வரல, கழுத்து வலி. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டதும் பேச்சு இந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பிஎஸ்சி இயற்பியல் முடித்த தம்பி, மெக்கானிக்கல் படித்துவிட்டு டெலிவரி வேலை பார்ப்பவர், குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து மறுபடி தொடங்க நினைக்கும் தங்கை என்று கேட்பவர்கள் பலவிதம்.

எல்லாருக்கும் ஓபியில் உட்கார வைத்து பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. பின்னால் அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிக்கவும் சொந்தங்களே.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அனுபவம் இல்லாமல், சொந்தமாகப் படித்து, ஐடி சான்றிதழ் எடுப்பது நல்ல விசயம். தாராளமாக எடுங்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழ் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அது தெரியாமல் இறங்குபவர்களைத்தான் நான் நோயாளிகளாகப் பார்க்கிறேன்.

"மருத்துவருக்கு ஐடி பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஐடி துறை பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் "பரீட்சையில் பாஸ் ஆவதற்கும் வேலை தெரிவதற்கும் என்ன தூரம்?" என்ற கேள்வியோடு நூறு வருடத்துக்கும் மேல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் துறை எங்களுடையது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

நாலரை வருடம் படிப்பு. தியரி, பிராக்டிகல், வைவா எல்லாம் முடித்து ஃபைனல் இயர் பாஸ் ஆகிவிட்டோம். உடனே கிளினிக் போட முடியுமா?

முடியாது.

தற்காலிகப் பதிவுதான் தருவார்கள். அதன்பிறகு ஒரு வருடம் சிஆர்ஆர்ஐ. நாம் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்கிறோமே, அதுதான். மெடிசின், சர்ஜரி, குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, கேஷுவாலிட்டி என்று சுற்றி வரவேண்டும். அதை முடித்தால்தான் மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?

நரம்பில் ஊசி போடுவது எப்படி என்று பத்து மதிப்பெண்ணுக்கு அருமையாக எழுதும் மாணவர், டெங்கு வந்து ரத்த அழுத்தம் குறைந்து நரம்பே தெரியாத குழந்தையின் கை முன்னால் நிற்கும்போது அந்தப் பத்து மதிப்பெண் உதவாது. பக்கத்தில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் உதவுவார்.

1990-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் இதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். மருத்துவக் கல்வியில் இன்றுவரை அதைத்தான் பேசுகிறோம். நாலு மாடி.

கீழ்த்தளம்: தெரியும்.
அதற்கு மேல்: எப்படிச் செய்வது என்று தெரியும்.
அதற்கு மேல்: செய்து காட்டுவார்.
உச்சியில்: நிஜ வேலையில் தினமும் செய்கிறார்.

இதை ஐடி சான்றிதழுக்குப் பொருத்திப் பாருங்கள்.

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு மாடிகளைத்தான் அளக்கின்றன. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற சில தேர்வுகள் மட்டும் கணினியை உங்கள் முன்னால் வைத்து "இதைச் செய்து காட்டு" என்று சொல்கின்றன. அது மூன்றாவது மாடி.

நாலாவது மாடியை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது. அது வேலையில்தான் வரும்.

கம்பெனி சம்பளம் கொடுப்பது நாலாவது மாடிக்கு. நம் கையில் இருப்பது இரண்டாவது மாடிக்கான சாவி. "சர்டிபிகேட் எடுத்தும் வேலை கிடைக்கலையே டாக்டர்" என்ற அத்தனை புலம்பலும் இந்த இரண்டு மாடி இடைவெளியில்தான் இருக்கிறது.

சரி, அனுபவம் இல்லாதவர் தேர்வு எழுதவே முடியுமா?

இங்கே இரண்டு வார்த்தைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று "கட்டாயம்", இன்னொன்று "பரிந்துரை".

சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்கு முன் அனுபவம் கட்டாயம் இல்லை. ஒரு வருடம் நெட்வொர்க் வேலை பார்த்திருந்தால் நல்லது என்று பரிந்துரைதான் செய்கிறார்கள். காம்ப்டியாவின் ஏ பிளஸ் தேர்வும் அப்படியே. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வும் அனுபவமே இல்லாதவர் எழுதக்கூடிய ஆரம்ப நிலைத் தேர்வுதான்.

ஆனால் சிஐஎஸ்எஸ்பி வேறு கதை.

சைபர் செக்யூரிட்டி என்றாலே "சிஐஎஸ்எஸ்பி எடுத்துடு, லட்சத்துல சம்பளம்" என்று யாராவது கிளப்பிவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு ஐந்து வருட சம்பள வேலை அனுபவம் வேண்டும். அதுவும் அவர்கள் சொல்லும் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் இருக்க வேண்டும். அதற்குத் தொடர்புடைய துறையில் பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சலுகை.

அனுபவம் இல்லாமல் தேர்வில் பாஸ் ஆனால்? சான்றிதழ் தரமாட்டார்கள். "அசோசியேட்" என்ற நிலை தருவார்கள். ஆறு வருடத்துக்குள் அந்த அனுபவத்தைச் சம்பாதித்துக் காட்டவேண்டும்.

இதைச் சொல்லாமல் ஒரு ஃபிரஷரிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்தக் கோர்ஸில் சேர்ப்பது, எம்பிபிஎஸ் முதல் வருட மாணவரிடம் இதய அறுவை சிகிச்சைக் கருவிகளை விற்பது மாதிரி.

ஆகவே எந்தத் தேர்வாக இருந்தாலும் அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் நீங்களே தகுதி விதிகளைப் படியுங்கள். கோர்ஸ் விற்பவர் வாயால் கேட்காதீர்கள்.

அடுத்து செலவு.

சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் நம் காசில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். 120 நிமிடத் தேர்வு. ஃபெயில் ஆனால் மறுபடி முழுப் பணம் கட்டவேண்டும். அரியர் ஃபீஸ் மாதிரி நூறு இருநூறில் முடியாது.

ஏ பிளஸ் என்றால் ஒரு தேர்வு அல்ல, இரண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம்.

கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர்.

இன்னொன்று. இந்த மூன்று சான்றிதழ்களுக்கும் ஆயுள் மூன்று வருடம். மாத்திரை அட்டையின் பின்னால் காலாவதித் தேதி இருப்பது போல. எங்களுக்கும் இது உண்டு. அமெரிக்க இதயக் கழகத்தின் பிஎல்எஸ் எனும் உயிர்காப்புப் பயிற்சி அட்டை இரண்டு வருடத்தில் காலாவதி ஆகிவிடும்.

எனவே வேலை தேடத் தயாராகும் நேரத்தில் தேர்வு எழுதுங்கள். "இப்ப எடுத்து வச்சுப்போம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று எடுத்தால் பாதி ஆயுள் அலமாரியிலேயே போய்விடும்.

தேர்வுக் கட்டணம் தவிர்க்க முடியாதது. ஆனால் படிக்கும் செலவு?

இதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று "வேலை உத்தரவாதம்" கோர்ஸில் சேர்த்துவிடுகிறார்கள்.

சிசிஎன்ஏ பாடத்திட்டம் முழுவதையும் "ஜெரமிஸ் ஐடி லேப்" யூடியூப் சேனலில் இலவசமாகப் பார்க்கலாம். ஏ பிளஸ் பாடங்களுக்கு "புரொஃபசர் மெஸ்ஸர்" வீடியோக்கள் இலவசம். ரூட்டர், சுவிட்ச் எல்லாம் கணினித் திரையிலேயே இணைத்துப் பழக சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் நெட்வொர்க் பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வு வேண்டும் என்றால் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டம் இருக்கிறது.

ஆங்கிலம் தடையாக இருக்கிறதா? வீடியோவை மெதுவாக ஓடவிட்டு எழுத்து வசனத்தோடு பாருங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். துறை வார்த்தைகள் ஒரு முந்நூறு பிடிபட்டுவிட்டால் மீதி தானாக ஓடும். தமிழ் மீடியத்தில் படித்து எம்பிபிஎஸ் வந்தவர்கள் அனாடமியை அப்படித்தான் கடந்தார்கள்.

வகுப்புக்குப் போவதே தப்பு என்று சொல்லவில்லை. கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு அது உதவும். ஆனால் "வேலை உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், "சர்க்கரை நோயை 30 நாளில் வேரோடு குணப்படுத்துகிறேன்" என்பவரிடம் எவ்வளவு தள்ளி நிற்பீர்களோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

எப்படிப் படிப்பது?

இதில் எனக்குத் தெரிந்த அறிவியல் கொஞ்சம் உண்டு.

படித்தது மறந்துபோவதை 1885-லேயே எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து காட்டினார். திரும்பப் பார்க்காவிட்டால் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே போய்விடும்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தைச் சில மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் இருந்து எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னிலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்.

ஆகவே வீடியோ பார்த்து "ஆமா, புரியுது புரியுது" என்று தலையாட்டினால் அது படிப்பு அல்ல. வீடியோவை நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம்.

சப்நெட் கணக்கு தினமும் பதினைந்து நிமிடம் போடுங்கள். /26 என்றால் 64 முகவரி, அதில் கருவிகளுக்குக் கொடுக்க முடிவது 62 என்பது யோசிக்காமல் வரவேண்டும். குழந்தையின் எடைக்கு மருந்தளவு கணக்குப் போடுவது எங்களுக்கு அப்படித்தான் கைக்கு வந்தது.

இதைவிட முக்கியமானது லேப்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே ஒரு உருப்படியான யோசனை என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் எழுதுங்கள்.

நாங்கள் நோயாளியைப் பார்த்ததும் என்ன எழுதுவோம்? என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, பரிசோதனையில் என்ன தெரிந்தது, எந்த நோயைச் சந்தேகப்படுகிறோம், என்ன சிகிச்சை, அதன்பிறகு எப்படி இருக்கிறார்.

ஐடி வேலையும் இதேதான் சொந்தங்களே.

"நெட் வரல" என்று ஒருவர் சொல்கிறார். அது "வயிறு வலிக்குது" என்பது மாதிரி. அது நோயின் பெயர் அல்ல, அறிகுறி.

முதலில் கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா? அது நாடி பிடித்துப் பார்ப்பது.

கணினிக்கு ஐபி முகவரி என்ன வந்திருக்கிறது? 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கண் மஞ்சளாக இருந்தால் கல்லீரல் பக்கம் யோசிப்பது போல இது ஒரு தெளிவான அடையாளம்.

முகவரி சரி. கேட்வேக்கு பிங் போகிறதா? போகிறது. வெளியே 8.8.8.8-க்குப் போகிறதா? போகிறது. ஆனால் தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லையா? அப்படியானால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மேல் சந்தேகம்.

பாக்கெட் டிரேசரில் நீங்களே ஒரு நெட்வொர்க் கட்டி, நீங்களே அதை உடைத்து, இப்படி ஒவ்வொரு கோளாறையும் கண்டுபிடித்து, கேஸ் ஷீட்டாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐம்பது கேஸ். தம்பியையோ நண்பரையோ விட்டு ரகசியமாக ஒரு இடத்தில் உடைக்கச் சொல்லிவிட்டுக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

இன்டர்வியூவில் "அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் "வேலை அனுபவம் இல்ல சார். ஆனா ஐம்பது கோளாறு நானே கண்டுபிடிச்சு சரி பண்ணி எழுதி வச்சிருக்கேன், பாக்குறீங்களா?" என்று நோட்டை நீட்டலாம். எல்லாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்கும் ஒருவர் போதும்.

ஒரு எச்சரிக்கை. சைபர் செக்யூரிட்டி படிக்கிறேன் என்று பக்கத்து வீட்டு வைஃபை, படித்த கல்லூரியின் சர்வர் என்று கை வைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் படி குற்றம். பிரிவு 66-ல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. நோயாளியின் சம்மதம் இல்லாமல் நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை. உங்களுக்கும் அதே விதி. உங்கள் சொந்த லேபில் எதை வேண்டுமானாலும் உடையுங்கள்.

அடுத்து, டம்ப்ஸ்.

உண்மையான தேர்வில் வரும் கேள்விகளைத் திருடி, விடையோடு விற்கிறார்கள். "ரெண்டு வாரத்துல மனப்பாடம் பண்ணி பாஸ் ஆயிடலாம்" என்பார்கள். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்வார்கள், அந்த நிறுவனத்தின் தேர்வுகளை எழுதவே தடை போடுவார்கள். இது விதியிலேயே இருக்கிறது.

பிடிபடாவிட்டாலும் என்ன லாபம்? இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். அனுபவம் இருப்பவர் டம்ப்ஸில் பாஸ் ஆனால் அவரிடம் வேலையாவது இருக்கும். அனுபவம் இல்லாத உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து நீங்கள் உண்மையாகப் படித்த படிப்புதான். அதையும் விற்றுவிட்டால் கையில் எதுவும் இல்லை.

இப்போது நான் இந்த இழையை எழுத முக்கியக் காரணமான விசயத்துக்கு வருகிறேன்.

போலி அனுபவச் சான்றிதழ்.

ஒரு தம்பி. இருபதுகளின் நடுவில் வயது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

படபடப்பு, கை நடுக்கம், இரவு தூக்கமே இல்லை என்று வந்தார். ஈசிஜி நார்மல். ரத்த அழுத்தம் நார்மல். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். மறுமுறை வந்தபோது கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "மனசுல ஏதும் பாரம் இருக்கா தம்பி?"

அழுதுவிட்டார்.

ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து உண்மையாகப் படித்து தேர்வில் பாஸ் ஆனவர். விண்ணப்பித்த இடமெல்லாம் "இரண்டு வருட அனுபவம்" கேட்டார்கள். ஒரு கன்சல்டன்சி ஆள் பணம் வாங்கிக்கொண்டு, அவர் வாசலைக்கூட மிதிக்காத ஒரு கம்பெனியின் பெயரில் இரண்டு வருட அனுபவக் கடிதமும் சம்பளச் சீட்டும் தயார் செய்து கொடுத்திருக்கிறார். வேலையும் கிடைத்துவிட்டது. இப்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கிறது.

அவருக்கு நான் என்ன மருந்து எழுதுவது? படபடப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் குறைக்க மாத்திரை இல்லை.

எனக்கு அந்தத் தம்பி மேல் வந்த கோபத்தைவிட வருத்தம் அதிகம். அவரிடம் உண்மையான படிப்பு இருந்தது. பொய்யை அதன்மேல் ஏற்றி, அந்த உண்மையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டார்கள்.

தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனியில் பிஎஃப் பிடித்து வேலை செய்திருந்தால் உங்கள் யுஏஎன் எண்ணில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று பதிவு இருக்கும். சரிபார்ப்பவர்கள் அதைக் கேட்பார்கள். கடிதம் ஒன்று சொல்லி, பதிவு வேறு சொன்னால் முடிந்தது. வேலை போவதோடு நிற்காது, போலி ஆவணம் கொடுத்தது சட்டப்படி குற்றம்.

எங்கள் துறையில் பட்டம் இல்லாமல் ஊசி போடுபவரை போலி மருத்துவர் என்கிறோம். காவல்துறை பிடித்தால் கைதட்டுகிறோம். பொய் அனுபவத்தை வைத்து ஒரு மருத்துவமனையின், ஒரு வங்கியின் நெட்வொர்க்கைக் கையில் எடுப்பவரை மட்டும் "சாமர்த்தியசாலி" என்று சொல்வது என்ன நியாயம்?

இதில் தம்பிகளை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆரம்ப நிலை வேலை என்று போட்டுவிட்டு "குறைந்தது இரண்டு வருட அனுபவம்" என்று கேட்கும் நிறுவனங்களைக் கேட்கிறேன். அந்த முதல் இரண்டு வருடத்தை யார் கொடுப்பது? எல்லாரும் அடுத்தவர் கொடுக்கட்டும் என்றால், கள்ளச் சந்தையில்தான் அது கிடைக்கும். கிடைக்கிறது.

மருத்துவத்தில் அந்த முதல் வருடத்தை வேலைக்கு எடுப்பவர் விருப்பத்துக்கு விடவில்லை. படிப்போடேயே கட்டி வைத்துவிட்டார்கள். உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். மேலே அசிஸ்டன்ட் நிற்பார், தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வருடம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மருத்துவர்களிடமும் "இரண்டு வருட அனுபவம் இருக்கா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். போலிக் கடிதம் விற்பவர் மருத்துவக் கல்லூரி வாசலிலும் கடை போட்டிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், ஐடிக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் வருடம் வேண்டும்.

இதற்குப் புதிதாகக் கட்டிடம் கட்டவேண்டாம். அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், அரசுப் பள்ளி என எங்கும் இப்போது கணினி வந்துவிட்டது. ஓபி சீட்டு பதிவதிலிருந்து லேப் ரிசல்ட் வரை கணினியில்தான். நெட்வொர்க் படுத்துவிட்டால் ஓபி வரிசை அப்படியே நிற்கும். சான்றிதழ் எடுத்த இளைஞர்களை மூத்த டெக்னீசியன் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு வருடம் உதவித்தொகையோடு இங்கே சுழற்சியில் போடலாம். நோயாளிகளின் ரகசியத் தகவல் அவர்கள் கைக்குப் போகாமல் விதிகள் வகுத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் உதவி, அவர்களுக்கும் நிஜ அனுபவம்.

அதற்கான சட்ட அடிப்படைகூட ஏற்கனவே இருக்கிறது. 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு பயிற்சி தரும் மத்திய அரசுத் திட்டம் நடக்கிறது. தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. சமீபத்தில் படிப்பை முடித்தவர்கள் அதன் தளத்தில் பதிவு செய்து வையுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த நல்ல நாள் வரும்வரை என்ன செய்வது?

சின்ன இடத்தில் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. உள்ளூர் பிராட்பேண்ட் கேபிள் ஆபரேட்டர். தனியார் பள்ளியின் லேப் உதவியாளர். ஹெல்ப் டெஸ்க் நைட் ஷிப்ட். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் ஒரு வருடக் கடிதம் நிஜக் கடிதம். அதைக் காட்டும்போது கை நடுங்காது.

"பட்டதாரி போய் கேபிள் இழுப்பதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நாங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ரத்த சாம்பிள் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஸ்ட்ரெச்சர் தள்ளினோம். அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கடைசியாக, என் துறை சார்ந்த விசயம்.

படிக்கிறேன் என்று தூக்கத்தை வெட்டாதீர்கள். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். ஏழு மணி நேரம் தூங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். வெறும் வயிற்றில் டீ குடித்துவிட்டு மதியம் வரை திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் நெஞ்செரிச்சலோடு என்னிடம்தான் வருவீர்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

முடிவுத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம், ஆறு மாதம் என்று ஒரு கணக்கு. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக உட்காராதீர்கள். இருக்கும் வேலையோடு சேர்த்துப் படியுங்கள். கையில் வருமானம் இல்லாமல் படிக்கும்போது ஒவ்வொரு ஃபெயிலும் உயிர் போகிற விசயமாகத் தெரியும். அது அப்படி இல்லை. ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

மனம் தாங்காத நிலை வந்தால் 14416 டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். இலவசம். தமிழில் பேசுவார்கள். 104 எண்ணும் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையன் சென்னையில இருக்கான்" என்ற வாக்கியத்தைக் கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள். உங்கள் பிள்ளை அறைக்குள் என்ன படிக்கிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவர் விளக்கினால், அவருக்கும் அது நன்றாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுருக்கமாக:

1. ஆரம்ப நிலைச் சான்றிதழுக்கு அனுபவம் கட்டாயம் இல்லை. தகுதி விதியை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. நகையை அடகு வைக்காதீர்கள். பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வுக் கட்டணத்துக்கு மட்டும் சேமியுங்கள்.

3. மூடி வைத்து எழுதிப் பாருங்கள். ஐம்பது கேஸ் ஷீட் சேருங்கள்.

4. டம்ப்ஸ் வேண்டாம். போலி அனுபவக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

5. சின்ன இடமாக இருந்தாலும் நிஜமான முதல் வருடத்தைத் தேடுங்கள்.

யாராவது உங்களிடம் பணம் கேட்டு அனுபவக் கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், இன்று இரவே அந்த ஆளின் எண்ணை பிளாக் செய்துவிட்டுத் தூங்குங்கள். ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஆனால் இன்னும் எங்கும் கொடுக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் சொந்தங்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருடம் ஒரே ஒரு இடத்திலாவது "இரண்டு வருட அனுபவம்" என்ற வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள். நோட்டில் ஐம்பது கேஸ் எழுதிய ஒருவர் வந்து நிற்பார்.